கதை நின்ற இடம்

பொங்கல் ராத்திரி. பேரனுக்கு இருமல் அடங்கவில்லை. திருமுக்கூடலில் எங்கள் வீட்டுக்குப் பாலாற்று மணல் கூப்பிடு தூரம். தை மாசத்துப் பனி ஆற்றிலிருந்து நேரே படுக்கைக்கே வந்துவிடும். சென்னையில் வளர்கிற பிள்ளைக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. "இரு கண்ணு, பாட்டி சித்தரத்தை தர்றேன்" என்று என் மனைவி பரணிலிருந்து ஒரு தகர டப்பாவை இறக்கினாள். மூடி இறுகிக் கிடந்தது. கரண்டிக் காம்பை விட்டு நெம்பினாள். 'டக்' என்று திறந்தது.

அந்தச் சத்தம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. டப்பாவை வாங்கி மூக்கருகே கொண்டு போனேன். மேலாகச் சித்தரத்தையின் காரம். அதற்கு அடியில், தகரத்தோடு தகரமாக ஊறிப்போன இன்னொரு வாசனை இருந்தது. காய்ச்சிய பேரிக்காய்ப் பாகு வாசனை. இருபது வருஷத்துக்குப் பிறகும் அது போகவில்லை. மூடியில் அச்சடித்திருந்த இரண்டு பேரிக்காய்கள் மங்கலாகத் தெரிந்தன. சுற்றியிருந்த சிவப்பு எழுத்துகள் பாதி உதிர்ந்திருந்தன. எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள்தான், ஆனால் அவை என்ன சொல்கின்றன என்று எனக்குத் தெரியும்.

அது ஹாங்சௌ நகரத்து டப்பா.

காஞ்சிபுரத்தில் ஒரு நூல் வியாபாரியிடம் நூல் பார்க்கிற வேலையில் இருந்தேன். நூல் பார்ப்பது என்றால் கையால் பார்ப்பது. இழையை இரண்டு விரலுக்கு நடுவே விட்டு இழுத்தால் முறுக்கு சரியாக இருக்கிறதா, இடையில் மொட்டு விழுந்திருக்கிறதா என்று விரல் சொல்லிவிடும். அப்பா பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டவர். நான் எழுத்துப் பழகும் முன்பே இழை பழகியவன். அந்த நாட்களில் சீனப் பட்டு நூல் எங்கள் ஊரில் நிறையப் புழங்கியது. கர்நாடகத்து நூலில் மஞ்சள் ஓடும். சீன நூல் பால் வெள்ளையாக வரும். 20/22 டெனியர் என்று கட்டின்மேல் அச்சடித்திருக்கும். வாங்கும் இடத்திலேயே போய்ப் பார்த்து வரலாம் என்று முதலாளி ஒருமுறை என்னையும் அழைத்துப் போனார். அப்படித்தான் ஹாங்சௌ போய்ச் சேர்ந்தேன். காஞ்சியைப் போலவே அதுவும் பட்டு ஊர். பட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும், பட்டுக்கென்றே ஒரு கடைத்தெருவும் வைத்திருக்கிற ஊர்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து, மொழிபெயர்க்க வந்திருந்த மாணவிப் பெண் எங்களை ஹெஃபாங் தெருவுக்குக் கூட்டிப் போனாள். கல் பாவிய பழைய தெரு. இரண்டு பக்கமும் மரக் கடைகள், தேயிலை, விசிறி, கத்தரிக்கோல், இனிப்பு. ஒரு திருப்பத்தில் சின்னச் சேகண்டிச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னாலேயே மரமும் மரமும் மோதுகிற சத்தம். டக், டக், டக்கட டக்.

நான் நின்றுவிட்டேன். முதலாளி நாலு கடை தள்ளிப் போய்த்தான் என்னைக் காணோம் என்று திரும்பிப் பார்த்தார்.

நீளப் பெஞ்சின் மேல் ஓர் ஆள் நின்றிருந்தார். அறுபது வயசிருக்கும். கணுக்கால் வரை தொங்குகிற நீல அங்கி. ஒரு கையில் வெற்றிலை அகலத்துக்குப் பித்தளைச் சேகண்டி. இன்னொரு கையில் மூன்று மூங்கில் பட்டைகள். காலடியில் திறந்த பெட்டி, அதில் சதுரம் சதுரமாக வெட்டிய பழுப்பு நிற மிட்டாய். அவர் பாடினார் என்றும் சொல்லலாம், பேசினார் என்றும் சொல்லலாம். ஏழேழு அசையாக வரிகள் வந்து விழுந்தன. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரே ஓசை வந்து முட்டியது. முட்டுகிற இடத்தில் மூங்கில் ஒரு தட்டு. அர்த்தம் ஒன்றும் தெரியாத எனக்கே அடுத்த தட்டு எங்கே விழும் என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது.

இதற்கு 'சியாவ் ரஹுன்' என்று பெயர் என்றாள் அந்தப் பெண். காய்ச்சலில் பிதற்றுவது என்று பொருள். இருமலுக்கு இதமான பேரிக்காய் மிட்டாயை விற்பதற்காகத் தெருவில் நின்று கதை சொல்கிற கலை இது. மன்னராட்சி முடிகிற காலத்தில், அன்றன்றைய சேதிகளைத் தெருவில் பாட்டாகப் படித்துக் காசு வாங்கியவர்களிடமிருந்து வளர்ந்ததாம். தூ பாவோலின் என்பவர்தான் இதைப் பேர்பெற வைத்தவர். அதிகாரத்தில் இருப்பவர்களைப் பற்றியும் நாலு வார்த்தை வரும். யாராவது அதட்டினால், காய்ச்சல்காரன் பிதற்றியதற்குக் கோபிக்கலாமா என்று தப்பித்துக்கொள்ளலாம், பெயரிலேயே அந்தக் காப்பு இருக்கிறது. வடக்கே தியான்ஜின், பெய்ஜிங் பக்கம் போனால் மூங்கில் பட்டையை மட்டும் தட்டிக் கதை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னாள். அந்தக் கலைக்கு 'குவாய்பான்' என்று பெயர். அதிலிருந்து நீண்ட கதைகள் சொல்லும் வடிவத்தை வளர்த்தெடுத்தவர் தியான்ஜின்காரரான லி ருன்ஜியே (1917–1990) என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அன்று அவர் எடுத்துக்கொண்டது வெள்ளைப் பாம்பின் கதை. மனித உருவெடுத்து வந்த ஒரு பாம்பு, ஹாங்சௌவின் மேற்கு ஏரிக்கரையில் ஓர் இளைஞனைக் கண்டு மணந்துகொள்கிறது. பண்டிகை நாளில் மருந்து கலந்த மதுவைக் குடித்ததும் அவளுக்குச் சுய உருவம் வந்துவிடுகிறது. கட்டிலைச் சுற்றித் திரை. வெளியே புருஷன், கையில் அவளுக்காகக் கொண்டு வந்த கிண்ணம். கதைக்காரர் சேகண்டியைப் பெஞ்சில் வைத்தார். இரண்டு விரலால் காற்றில் திரையைப் பிடித்தார். மெதுவாக விலக்கினார். மூங்கில் ஒரே ஒரு தட்டு. டக்.

அதோடு நிறுத்திவிட்டார்.

நூறு பேர் நின்ற இடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவர் நிதானமாகக் கீழே இறங்கி, மிட்டாய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தார். ஆளுக்கொரு டப்பா வாங்கினார்கள். நானும் வாங்கினேன்.

"முடிவு உனக்குத் தெரியுமா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"தெரியாதவர்கள் இந்த ஊரில் உண்டா? பாம்பை அடைத்து வைத்ததாகச் சொல்கிற லைஃபெங் கோபுரம் ஏரிக்கரையிலேயே இருக்கிறதே. பழசு 1924இல் இடிந்தது, 2002இல் திரும்பக் கட்டினார்கள்" என்றாள்.

"அப்புறம் ஏன் நிற்கிறாய்?"

அவள் பெஞ்சைப் பார்த்தபடியே சொன்னாள்: "இவர் எப்படிச் சொல்கிறார் என்று கேட்க வேண்டாமா?"

எங்கள் ஆயா சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. மொழிதான் வேறு.

பள்ளிக்கூடம் லீவு விட்டால் பிள்ளையார்பாளையத்திலிருந்து என்னைத் திருமுக்கூடல் தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இப்போது நான் இருக்கிற இதே வீடுதான். சித்திரை மாசம் வந்தால் எங்கள் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். ஆற்றுக்கு அக்கரையில் நெசவுத் தெரு இருந்த ஓர் ஊரில் ஒரு வருஷம் பதினெட்டு நாள் பாரதம் வைத்தார்கள். ஆற்றில் பாலம் இல்லாத காலம். மத்தியான வெயிலில் மணல் சுடும். ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு ஆயா முன்னால் நடக்க, நான் அவள் நிழலில் கால் வைத்து நடப்பேன். வழியில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடிப்போம். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. பகலில் காதால் கேட்ட கதை ராத்திரி கட்டை கட்டிக்கொண்டு, கிரீடம் வைத்துக்கொண்டு கண் முன்னால் வந்து ஆடும்.

பிரசங்கியார் ஒல்லியான மனுஷர். கழுத்தில் துளசி மணி, நெற்றியில் பளிச்சென்று நாமம். வலது கையில் சப்ளாக்கட்டை. இரண்டு மரத் துண்டு, உள்பக்கம் தட்டையாக, வெளிப்பக்கம் வளைவாக, ஓரத்தில் சின்னப் பித்தளைச் சிலம்புகள் கோத்தது. கட்டைவிரலில் ஒன்று, மற்ற விரல்களில் ஒன்று. மராட்டிய நாட்டுக் கீர்த்தனக்காரர்களோடு தஞ்சாவூருக்கு வந்த கருவி அது என்பார்கள். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் கையில் அது தமிழ்க் கதாகாலட்சேபத்தின் கருவி ஆயிற்று. அங்கிருந்து எங்கள் ஊர்ப் பாரதத் திண்ணை வரைக்கும் வந்துவிட்டது.

வில்லிபுத்தூரார் பாரதத்தில் ஒரு பாட்டை எடுப்பார். நீட்டிப் பாடுவார். பிறகு சொல் சொல்லாகப் பிரித்து, எங்கள் பாஷையில் பேசுவார். வில்லியார் நாலாயிரத்துச் சொச்சம் பாட்டில் போர் முடிந்ததோடு நிறுத்திக்கொண்டார். மிச்சத்துக்கு நல்லாப்பிள்ளை பாரதம் கைகொடுக்கும். விராட பருவம் வாசித்தால் மழை வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த நாள் வந்தால் குடியானவர்கள் ஏர் பூட்டுவதைக்கூட விட்டுவிட்டு வந்து உட்காருவார்கள். கிழக்கே ஒரு மேகத்துணுக்கு தெரிந்தாலும் பிரசங்கியார் விரலை நீட்டிக் காட்டுவார். எல்லாத் தலையும் திரும்பும்.

அன்றைக்குச் சபா பருவம். சூது முடிந்தது, எல்லாம் தோற்றாயிற்று. துச்சாதனன் அந்தப்புரத்துக்குப் போகிறான். திரௌபதியைக் கூந்தலைப் பிடித்து இழுத்து வருகிறான். சப்ளாக்கட்டையின் நடை மாறியது. முதலில் நடந்தது, பிறகு ஓடியது. சபையில் பெரியவர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கிறாள். துச்சாதனன் முந்தானையில் கை வைத்தான். டக்.

சப்ளாக்கட்டை மூடிக்கொண்டது. "மிச்சம் நாளைக்கு" என்று பிரசங்கியார் எழுந்துவிட்டார். ஆரத்தித் தட்டு கூட்டத்துக்குள் வந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையோடு அழுகையாக முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு போட்டார்கள்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழுந்தார். நெசவுத் தெருப் பெரியவர். முதுகு தறிக்குழிக்கே வளைந்து போனவர். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

"சாமி, ஒரு சந்தேகம். நான் அறுபது வருஷமா தறியில உக்கார்றவன். ஒரு பாவு போட்டா மூணு புடவை. அதுக்கு மேல அறுத்துத்தான் ஆவணும், அடுத்த பாவு பிணைக்கணும். அந்த அம்மாவுக்கு அறுக்காம வந்துக்கினே இருந்த புடவை இருக்கே, அது எந்தத் தறியில ஓடிச்சு? யாரு நெய்தது?"

யாரும் சிரிக்கவில்லை. நெசவுக்காரர்கள் நிறைந்த கூட்டம். அத்தனை பேரும் அதே கணக்கைத்தான் மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. பிரசங்கியார் கிழவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சப்ளாக்கட்டையைத் துணிப்பையில் போட்டு நாடாவை இழுத்து முடிந்தார்.

"நல்ல கேள்வி. பதிலும் நாளைக்கு."

அன்று ராத்திரி அந்தக் கேள்வியோடுதான் ஆற்றைக் கடந்தோம். மணல் குளிர்ந்து போயிருந்தது. "கண்ணனுக்கு விரல்ல காயம் பட்டப்போ அந்தம்மா புடவையைக் கிழிச்சுக் கட்டுச்சுடா. அந்தக் கிழிசல்தான் வட்டி போட்டுத் திரும்பி வந்திச்சு" என்றாள் ஆயா. தாத்தா கேட்டுவிட்டு, "துணி வரும், சரி. தறி எங்கன்னுதானே கேட்டாரு?" என்றார். மறுநாள் காலையில் ஊற்றுக்கரையில் அதே பேச்சு. பால் கறக்கிற இடத்தில் அதே பேச்சு. ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். கதையின் முடிவு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு பகல், ஒரு ராத்திரி, இரண்டு கரையும் சேர்ந்து காத்திருந்தது. இன்று யோசிக்கையில், பிரசங்கியார் எங்களுக்குக் கொடுத்ததில் பெரிய கொடை அந்தக் காத்திருப்பு என்றே தோன்றுகிறது. பதிலை அவர் சொன்ன இடத்தில் சொல்கிறேன்.

நிறுத்தத் தெரிந்த இன்னொருவரையும் அந்த வயதில் பார்த்திருக்கிறேன். அவர் ரயிலில் வருவார். செங்கல்பட்டு–அரக்கோணம் வண்டி பழையசீவரத்தில் நின்று கிளம்பும்போது ஏறுவார். கையில் கஞ்சிரா, தோள்பையில் கட்டுக் கட்டாகச் சிந்துப் புத்தகம். கொலை, கொள்ளை, வெள்ளம், ரயில் கவிழ்ந்தது, எது நடந்தாலும் பத்து நாளில் பாட்டாக வந்துவிடும். சென்னைக் குஜிலிக் கடைகளில் சாணித் தாளில் அச்சடித்து, சந்தையிலும் ரயிலிலும் பாடிப் பாடி விற்றார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று புத்தகமே எழுதியிருக்கிறார். முச்சந்தி என்ற பெயர் அவற்றுக்கு எவ்வளவு பொருத்தம்!

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டு போனது. அடுத்த லீவில் அந்த ஆள் அதைப் பாடினார். ராத்திரி, மழை, பாம்பன் தாண்டிப் போகிற வண்டி, உள்ளே தூங்குகிற பிள்ளைகள். எங்கள் பெட்டியும் அதே மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. சிக்னல் விளக்கு தெரியவில்லை, டிரைவர் ஊதல் கொடுக்கிறார். அங்கே நிறுத்திவிட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஆயா வாங்கினாள். வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். சிம்னி விளக்கில் உட்கார்ந்து படித்தேன். பாட்டு அத்தனையும் அதில் இருந்தது. அந்தக் கஞ்சிரா மட்டும் இல்லை. ஆயா பாதியிலேயே, "போதும் வை. அவன் வாயில கேட்டாத்தான் அது" என்றாள்.

ஹாங்சௌவில் சேதியைப் பாட்டாகப் படித்துக் காசு வாங்கினார்கள் என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்கு அந்தச் சிந்துக்காரர் ஞாபகம்தான் வந்தது. அங்கே மிட்டாய், இங்கே புத்தகம். கைதான் வேறு வேறு சரக்கை நீட்டியது.

மறுநாள் சாயங்காலமும் நான் ஹெஃபாங் தெருவுக்குப் போனேன். தனியாக. கூட்டம் கலைகிற நேரம். நீல அங்கிக்காரர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கட்டைவிரலையும் நாலு விரலையும் விரித்து மூடி, விரித்து மூடி, சப்ளாக்கட்டை போடுவதுபோலச் செய்து காட்டினேன். வாயால் 'டக்கட டக்' என்றேன். அவர் முகம் மலர்ந்தது. மூன்று மூங்கில் பட்டைகளையும் என் கையில் கொடுத்து, விரல்களை எங்கே வைக்கவேண்டும் என்று தன் விரலால் அழுத்திக் காட்டினார். எனக்கு வரவில்லை. சப்ளாக்கட்டை விரலில் ஓடுகிறது, மூங்கில் மணிக்கட்டில் ஓடுகிறது. திரும்பத் தரும்போது அவர் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் பக்கவாட்டில் தோல் காய்த்துப் பளபளவென்று இருந்தது. பிரசங்கியாருக்கும் அதே இடத்தில் அப்படி இருந்தது. என் அப்பாவுக்கு நாடா எறிகிற கையில் ஆள்காட்டி விரல் ஓரம் அப்படித்தான் காய்த்திருக்கும். அந்த ஆளுக்கும் எனக்கும் ஒரு வார்த்தை பொது இல்லை. ஆனாலும் அந்தக் காய்ப்பை நான் தொட்டுப் பார்த்தபோது, நான் எதைத் தொடுகிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. என் விரல் நுனியைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்தத் தெருவை ஒட்டியே ஒரு பழைய மருந்துக் கடை இருக்கிறது. ஹூ சிங் யூ தாங் என்று பெயர், 1874இல் தொடங்கியது. ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் உள்ளே போய் நின்றேன். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேர், ஒரு பட்டை, ஒரு காய். அந்த வாசனையில் எனக்கு எங்கள் கோயில் ஞாபகம் வந்தது. திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, ஆயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. பள்ளிக்கூடத்துக்கும் மாணவர் விடுதிக்கும் ஆதுலர் சாலைக்கும் எழுதி வைத்த நிவந்தம். ஆதுலர் சாலை என்றால் ஆஸ்பத்திரி. பதினைந்து படுக்கை. வைத்தியர் ஒருவர், அறுவை செய்கிறவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், எல்லாருக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று அந்தக் கல்லில் கணக்கு இருக்கிறது. இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. அதில் வாசாஹரீதகி என்று ஒன்று வரும். வாசா என்றால் ஆடாதொடை. எங்கள் வேலியிலேயே வளர்கிற அதே ஆடாதொடை, இருமலுக்கு.

சின்ன வயசில் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு புளியங்காய் தின்றிருக்கிறேன். எழுத்துகளின் மேல் விரலை ஓட்டியிருக்கிறேன். அது மருந்துப் பட்டியல் என்று யாரும் சொல்லவில்லை. ஒருவேளை எவராவது அதைத் தாளத்தோடு சொல்லியிருந்தால் இன்னும் மனப்பாடமாக இருந்திருக்கும்.

ஊர் திரும்பி வருஷங்கள் ஓடிவிட்டன. 2006இல் சீன அரசு வெளியிட்ட மரபுக் கலைகளின் முதல் தேசியப் பட்டியலில் ஹாங்சௌவின் சியாவ் ரஹுன் இடம்பெற்றது என்று அறிந்து, ஏதோ சொந்தக்காரருக்குப் பட்டம் கிடைத்ததுபோல மகிழ்ந்தேன். எங்கள் பக்கத்திலும் கை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல் என்ற ஊரில் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் கட்டைக்கூத்துக்காகக் குருகுலம் நடத்தினார்கள். 2002 முதல் 2020 வரை பிள்ளைகளுக்குப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆண்களே பெண் வேஷம் கட்டிய கலையில் பெண் பிள்ளைகள் கட்டை கட்டி ஆடினார்கள். அதை நினைத்தால் மனசு நிறைகிறது.

ஆனால் பதினெட்டு நாள் பாரதம் எங்கள் பக்கம் சுருங்கிவிட்டது. பத்து நாள் என்றார்கள். சில ஊரில் அதுவும் இல்லை. பகலில் உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டுமே. தறிக்குழிகளை மூடி மேலே டைல்ஸ் போட்டாயிற்று. நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டு போகிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. தறி கொடுக்காத சோற்றைக் கம்பெனி கொடுக்கிறது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு கதை கேட்கிறார்கள். அந்தக் கதைகளும் நல்ல இடத்தில்தான் நிற்கின்றன. அடுத்தது உடனே தானாக ஓடிவிடுகிறது. ஊற்றுக்கரையில் நின்று பேச ஒரு ராத்திரி கிடைப்பதில்லை. எனக்கு வலிப்பது அதுதான்.

பொங்கலுக்கு மறுநாள் கனு. எங்கள் ஊருக்குப் பெரிய நாள். காஞ்சி வரதர் பல்லக்கேறி, வாலாஜாபாத் வழியாக ஊர் ஊராக மண்டகப்படி வாங்கிக்கொண்டு, பழையசீவரம் மலைக்குப் பார்வேட்டைக்கு வருவார். சாயங்காலம் லட்சுமி நரசிம்மரோடு ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு எழுந்தருள்வார். சாலவாக்கத்துப் பெருமாளும் காவாந்தண்டலத்துப் பெருமாளும் வந்து சேருவார்கள். எங்கள் அப்பன் வீட்டில் அத்தனை பெருமாளும் ஒன்றுகூடி நிற்பதைப் பார்க்கச் சனம் ஆற்றுமணலில் மத்தியானத்திலிருந்தே காத்திருக்கும். காத்திருக்கிற பழக்கம் எங்கள் ஊரில் மிச்சமிருப்பது அந்த ஒரு நாளில்தான்.

பேரனைக் கம்பளித் தொப்பி போட்டுக் கூட்டிப் போனேன். சட்டைப் பையில் சித்தரத்தை டப்பா. கரும்பு விற்கிறவர்களும் பலூன்காரர்களும் தாண்டி, கோயிலுக்கு நேரே மணலில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். அக்கரையில் மேளச் சத்தம் இன்னும் எழும்பவில்லை. "எப்ப தாத்தா வருவாரு?" என்று பத்துத் தடவை கேட்டுவிட்டான். ஒரு சித்தரத்தைத் துண்டை வாயில் ஒதுக்கிக்கொள்ளக் கொடுத்து, துச்சாதனன் முந்தானையில் கை வைத்த கதையைச் சொன்னேன். கிழவர் எழுந்து கேட்ட கேள்வியைச் சொன்னேன். பிரசங்கியார் பையை முடிந்ததைச் சொன்னேன். அதோடு நிறுத்தினேன். பையன் சித்தரத்தையை மெல்ல மறந்து என் முகத்தையே பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாவும் மெல்லத் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் இரண்டு கரைச் சனமும் கூடிவிட்டது. பிரசங்கியார் வந்து உட்கார்ந்தார். சப்ளாக்கட்டையை எடுக்கவே இல்லை. வெறுங்கையை நீட்டிக் கிழவரைப் பார்த்துப் பேசினார்.

"பெரியவரே, துச்சாதனன் இழுக்கறப்போ அம்மா முதல்ல என்ன செஞ்சா? ரெண்டு கையாலயும் புடவையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. அப்பவும் கண்ணனைக் கூப்பிட்டா. வரலை. ஒரு கையைத் தூக்கினா. அப்பவும் வரலை. ரெண்டு கையையும் விட்டுட்டுத் தலைக்கு மேல கும்பிட்டா பாருங்க, அப்பத்தான் புடவை வளர ஆரம்பிச்சுது. ஏன்னு உங்களுக்குத் தெரியாதா? அறுபது வருஷமா தறியில உக்கார்றீங்க. நாடாவை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தா ஒரு விரக்கடை நெய்ய முடியுமா? இந்தக் கை விட்டாத்தானே அந்தக் கைக்குப் போவும்? அந்தச் சபையில தறி வேற எங்கயும் இல்லீங்க. அவ விட்ட ரெண்டு கைக்கு நடுவுலதான் இருந்துச்சு."

கிழவர் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். நெசவுத் தெருவே கும்பிட்டது. அதற்குப் பிறகுதான் பிரசங்கியார் சப்ளாக்கட்டையைக் கையில் எடுத்தார்.

சொல்லி முடித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. பேரன் யோசித்தான்.

"தாத்தா, நாடான்னா என்னா?"

பிள்ளையார்பாளையத்து வீட்டுப் பிள்ளை. ஷூவில் கட்டுகிற நாடா ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். எங்கள் வீட்டுத் தறி நின்றபோது அவன் பிறக்கவில்லை.

சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். மூடியை அழுத்தி மூடினேன். வலது கையில் வைத்து, அப்பா எறிகிற மாதிரி மணிக்கட்டைச் சுண்டி இடது கைக்கு விட்டேன். உள்ளே சித்தரத்தைத் துண்டுகள் உருண்டு 'சலக்' என்றன. இடதிலிருந்து வலதுக்கு. சலக். திரும்பவும் இடதுக்கு. எங்கள் தெருவில் விடியற்காலை நாலு மணிக்குக் கேட்கத் தொடங்கும் சத்தத்துக்கு மிகக் கிட்டத்தில் அது இருந்தது.

"இதான் நாடா. இடையில பாவு இருக்கு, உனக்குத் தெரியலை, அவ்வளவுதான்."

அவன் கொஞ்ச நேரம் டப்பா போய்வருவதையே பார்த்தான். பிறகு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டினான்.

"இங்க விடு தாத்தா."

அக்கரையில் மேளம் கேட்டது. சனம் எழுந்து நின்றது. நான் எழவில்லை. அவன் கையைப் பார்த்துக் குறிவைத்து விட்டேன்.